மலைவழியும் பொதுமடமும்

பத்துப்பாட்டின் வரிசையில் இறுதியாக வைத்தெண்ணப்படுவது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. நன்னன் என்னும் மன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கூத்தனுக்கு மலைவழியின் இயல்பை எடுத்துரைப்பதாக அது அமைந்துள்ளது. அங்கே பொருள் கிடைக்கும், போய்ப் பெறுக என்று கூறிய அளவில் அவன் அமைந்துவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ள இடம், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லின் விரைவு, கால் வழுக்கும் பாறைகள், இரவில் தங்கத்தக்க இடம், எவ்வூரார் எவ்வாறு விருந்தோம்புவர் என்பன யாவற்றையும் ஒன்றும் விடாது கூறுகின்றான். அவ்வாறு கூறிவருகையில், வழிகள் பிரியும் சந்திகளிலே புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுமாறும் பணிக்கின்றான். பின்வருவார் வழிதவறாது அறிதற்காக இடப்படும் அடையாளம் அது.

இப்புல்முடிச்சு சிறியதொரு செயலாயினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முடிந்தவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அவன் அவ்விடத்தைக் கடந்துவிட்டான். பின்வருபவன் அவன் கூட்டத்தைச் சேர்ந்தவனாகவும் இருக்கலாம், முன்பின் அறியாதவனாகவும் இருக்கலாம். முடிச்சு அவ்வேற்றுமையைப் பார்ப்பதில்லை. உலகின் பல நாடுகளிலும் மலையேறுவோர் கழகங்கள் தோன்றுவதற்கும், அக்கழகங்கள் மலைமேல் பொதுத் தங்குமடங்களைக் கட்டி வைப்பதற்கும் அடிப்படையாக உள்ள எண்ணம் இதுவேயாம். அம்மடங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு நடைபெறுகின்றன, எவ்விடத்தில் தவறின என்பவற்றை அறிவது மலையேற விரும்புவார்க்கு மட்டுமன்றிப் பொதுவாழ்வு பயில விரும்பும் மாணவர் அனைவர்க்கும் பயனுடையது.

சிவனொளிபாத வழி

மலையேற்றம் மேனாட்டார் கண்ட பொழுதுபோக்கு என்று எண்ணுவார் உளர். இலங்கையைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பொருந்தாது. கடல்மட்டத்துக்கு மேல் 2,243 மீற்றர், அஃதாவது 7,359 அடி உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் ஏறி வருகின்றனர். உச்சியிலுள்ள பாதச் சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தர்பிரானுடையது என்பர். இசுலாமியர் ஆதமுடையது என்பர். கிறித்தவருள் அதனைத் தோமையாரோடு சார்த்திக் கூறுவாரும் உளர். மார்கழிப் பூரணை முதல் வைகாசிப் பூரணை வரை யாத்திரைப் பருவமாகும். அப்பருவத்தில் கொழும்பின் ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளிலிருந்து குடும்பமாகவும் நண்பர் குழுவாகவும் புறப்படுவோர், புகையிரதத்தில் அட்டன் சென்று, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, இரவெல்லாம் படியேறிப் பொழுது புலர்கையில் உச்சியில் நிற்பர். இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகவும், குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாகவும் ஏறும் பழைய வழிகளும் உள்ளன. அவை நீண்டவை, செங்குத்தானவை, மழைக்காட்டினூடே செல்பவை.

இவ்வழிகளில் ஏறுவோரின் துன்பத்தை நோக்கி அரசனொருவன் செய்த ஏற்பாட்டைச் சூளவம்சம் கூறுகின்றது. கி.பி. 1055 முதல் 1110 வரை ஆண்ட முதலாம் விசயபாகு, பாதத்தை வணங்கச் செல்வோர் கடினமான வழியில் வருந்துவதை அறிந்து, அவர்க்கு உணவளித்தற்பொருட்டுக் கிலிமலை என்னும் ஊரை மானியமாக விட்டான். மற்றை வழிகளில் வருவோர்க்கும் அவ்வாறே வேறு ஊர்களை ஒதுக்கினான். பின்வரும் அரசர் அவற்றை மீளக் கவராவண்ணம் கல்லிலும் பொறிப்பித்தான். அம்பகமுவையில் உள்ள அவனுடைய கல்வெட்டு இவ்வறத்துக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சனாகிய தேவபதிராசன் கம்பளையிலிருந்து மலைக்குச் செல்லும் வழியைத் திருத்தி, ஆறுகளின் குறுக்கே பாலங்களும் இடையிடையே தங்குமனைகளும் அமைத்தான் என்பதும் அந்நூற் செய்தியாகும்.

இவ்வேற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒருநாள் சோறிடுதல் எளிது. ஆண்டுதோறும், அளித்தவன் இறந்த பின்னரும், வழியில் உணவும் உறையுளும் கிடைக்க வேண்டுமாயின் அதற்கென நிலையான வருவாய் வேண்டும்; அவ்வருவாயைக் காக்கும் விதி வேண்டும்; அவ்விதி யாவரும் அறிய எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஊரும், விதியும், கல்லும் என்ற மூன்றையும் விசயபாகு ஒருங்கே அமைத்தான். பொதுமடம் ஒன்று நிலைத்திருப்பதற்கு இன்றளவும் வேண்டப்படுவன இம்மூன்றே.

மடத்தை அடுத்து மலைவழிக்கு வேண்டப்படுவது துணை. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பட்டூட்டா, பாதமலைக்குச் செல்ல வேண்டுமென்ற தம் விருப்பத்தை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியிடம் தெரிவித்தார். சைவனாகிய அம்மன்னன் இசுலாமியராகிய அப்பயணிக்கு, ஆண்டுதோறும் மலைக்குச் சென்று பழகிய யோகியர் நால்வர், அந்தணர் மூவர், ஏவலர் பதின்மர், உணவு சுமப்போர் பதினைவர் ஆக முப்பத்திரண்டு பேரை உடன் அனுப்பினான் என்பது அவர் எழுதிய பயணக் குறிப்பால் விளங்கும். மலைக்கு இருவழிகள் இருந்தன என்றும், பாறையில் இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன என்றும் அவர் குறித்துள்ளார். வழியறிந்தார் முன்செல்லுதல், சுமையைப் பகிர்தல், இடர்மிக்க இடத்தில் சங்கிலி பொருத்துதல் ஆகிய மலையேற்ற முறைகள் யாவும் அந்நாளிலேயே இத்தீவில் வழக்கில் இருந்தன.

இன்றும் சிங்கள யாத்திரிகர் குழுக்களில் பலமுறை ஏறிப் பழகிய முதியவர் ஒருவர் தலைவராக முன்செல்வார். அவரை நடேகுரா என்பர். முதன்முறை ஏறுவோர்க்குக் கோடு என்று பெயர். தலைவர் சொல்லின்றிக் கோடுகள் நீர் அருந்துவதும் இல்லை, தனித்துச் செல்வதும் இல்லை. வழியிலுள்ள தங்குமனைக்குச் சிங்களத்தில் வழங்கும் அம்பலம என்ற பெயர், பொதுமன்று என்னும் பொருள்பட்ட தமிழ் அம்பலத்தோடு ஒத்திருப்பது நோக்கத்தக்கது. இருமொழியாளரும் ஒரே கூரையின்கீழ் இளைப்பாறிய வரலாற்றை அவ்வொரு சொல் நினைவூட்டுகின்றது.

கூரையற்ற வழி

வழியிற் கூரை இல்லாவிடில் நேர்வது யாது என்பதையும் இம்மலைநாட்டு வரலாறே காட்டுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களில் வேலைசெய்யத் தமிழகத்திலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். நீரின்மை, பசி, பேதி, காய்ச்சல் என்பவற்றால் வழியிலேயே மாண்டோர் பலர். அவ்வழியிற் கொட்டில்களும் கிணறுகளும் மருத்துவ வசதியும் ஏற்பட்டது பல உயிர்கள் அழிந்த பின்னரே. யாத்திரிகனுக்கு ஊரை மானியமாக விட்ட நாட்டில், உழைப்பாளிக்கு ஓலைக் கூரையும் இன்றிப்போன காலம் அது. மலைநாட்டில் ஒரு மடத்தைப் பற்றி எண்ணுவோர் இதனை மறத்தல் தகாது. தங்குமனை என்பது ஆடம்பரமன்று. அது இருத்தலும் இல்லாமையும் உயிரோடு தொடர்புடையவை.

அல்ப்சு மலைக் கழகங்கள்

விசயபாகு கிலிமலையை மானியமாக விட்ட அதே பதினோராம் நூற்றாண்டில், ஐரோப்பாவிலும் ஒத்ததோர் அறம் தோன்றியமை வியப்புக்குரியது. இத்தாலிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையே 2,469 மீற்றர் உயரத்தில் உள்ள கணவாயில், பனிப்புயலிற் சிக்குவோரைக் காக்கும்பொருட்டுப் பெர்னாட் என்னும் துறவி ஒரு மடத்தை நிறுவினார். அக்கணவாய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. வழிதவறியோரைப் பனியில் தேடக் குருமார் வளர்த்த நாயினமும் அப்பெயரையே பெற்றது. வழிப்போக்கனுக்கு அம்மடத்தின் கதவு அடைக்கப்படுவதில்லை என்பது அங்குள்ளோர் போற்றிவரும் மரபாகும்.

கணவாயைக் கடப்பது தேவை கருதியது. சிகரத்தில் ஏறுவதையே நோக்கமாகக் கொண்டோர் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகும். 1857இல் இலண்டன் மாநகரில் உலகின் முதல் மலையேறுவோர் கழகம் அமைந்தது. 1862இல் ஒஸ்திரியரும், 1863இல் சுவிற்சர்லாந்தினரும் இத்தாலியரும், 1869இல் ஜேர்மானியரும், 1874இல் பிரெஞ்சுக்காரரும் தத்தமக்குக் கழகங்களை அமைத்தனர். இந்தியாவில் இமாலயக் கழகம் 1928இல் தோன்றியது. சுவிற்சர்லாந்துக் கழகம் தோன்றிய ஆண்டிலேயே, தேடி என்னும் மலையின் சரிவில் சிறியதொரு கற்குடிலைக் கட்டியது. அக்கழகத்தின் முதற் குடில் அதுவே. இற்றை நாளில் அக்கழகத்துக்கு 150க்கு மேற்பட்ட மலைமடங்கள் உள்ளன.

கழகம் கூடியவுடன் குடில் கட்ட முற்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. பனிமூடிய மலையில் வெயிலேறுமுன் நடந்து முடித்தல் வேண்டும். இரவின் குளிரில் இறுகிக் கிடக்கும் பனி, கதிரவன் வெம்மை பட்டவுடன் இளகிவிடும். பாறையோடு கற்களைப் பிணித்திருந்த பனிக்கட்டி உருகக் கற்கள் உருண்டு விழும். ஆழ்ந்த பிளவுகளின்மேல் பாலம்போற் படர்ந்துள்ள பனிப்படலம் வலுவிழக்கும். ஆதலின் ஏறுவோர் நள்ளிரவுக்குப்பின் இரண்டு மூன்று மணிக்கே புறப்படுதல் இன்றியமையாதது. அடிவாரத்து ஊரிலிருந்து அவ்வேளையில் புறப்பட்டால் சிகரத்தின் காலை அடையும்போதே வெயில் ஏறிவிடும். எனவே பாதிவழியில், மரங்களும் வளராத உயரத்தில், இராத்தங்க ஓரிடம் வேண்டியதாயிற்று. அங்கே கல்லும் மரமும் சுமந்து சென்று ஒருவன் தனக்கென வீடு கட்டுவது செல்வர்க்கும் அரிது. பலர் சிறிது சிறிதாகப் பொருளும் உழைப்பும் தந்து ஒன்றைக் கட்டிப் பலரும் பயன்கொள்ளுதலே வழி. இவ்வாறு இயற்கை விதித்த நெருக்கடியே கழகத்தையும் மடத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தது.

சில மடங்கள் வியத்தகு உயரத்தில் உள்ளன. 1893இல் திறக்கப்பட்ட இத்தாலியக் கழகத்தின் மார்கரீற்றா மடம் 4,554 மீற்றர் உயரத்தில் நிற்பது. உயரத்தில் மனித உடல் அடையும் மாற்றங்களை ஆராயும் நிலையமாகவும் அது பயன்பட்டது. மாற்றர்கோண் மலையின் கூரிய விளிம்பில் 4,003 மீற்றர் உயரத்திலுள்ள சொல்வே குடில் இடர்ப்பட்டோர்க்கு மட்டும் உரியது. பத்துப்பேர் படுக்கக்கூடிய அச்சிறு குடிலில் இன்பத்துக்காகத் தங்குவது விதிக்கு மாறானது.

மடத்தின் ஒழுங்கு

இத்தகைய மடங்களில் தங்குவோர் ஒருவரையொருவர் அறியாதவர்; பெரும்பாலும் ஓர் இரவே ஒன்றாய் இருப்பவர். ஆயினும் நூறாண்டுக்கு மேலாக அவை குலையாது நடைபெறுகின்றன. அதற்குக் காரணம் எளிய சில ஒழுங்குகளே. புகுமுன் ஈரப் பாதணியை வாயிலில் கழற்றி வைத்தல் வேண்டும். நீண்ட படுக்கை மேடையில் வரிசையாகப் படுத்தல் வேண்டும். தனியறை கேட்டல் மரபன்று. குறித்த நேரத்தின்பின் பேச்சு ஒடுங்குதல் வேண்டும். நள்ளிரவில் புறப்படுவோர் பிறர் துயில் கலையாவண்ணம் முன்னிரவே மூட்டையைக் கட்டி வைத்தல் வேண்டும். போர்வையை மடித்து, தரையைக் கூட்டி, எரித்த விறகுக்கு ஈடாக வெட்டி வைத்துச் செல்லுதல் வேண்டும். கொண்டுவந்த பொருளின் கழிவைத் தாமே கீழே கொண்டுசெல்லுதல் வேண்டும்.

இவற்றுள் தலையாயது மடத்துப் பதிவேடு. வருவோர் தம் பெயர், வந்த வழி, அடுத்து ஏறக் கருதும் சிகரம், செல்லும் வழி ஆகியவற்றை அதில் எழுதுவர். எழுதியவன் குறித்த இடத்தை அடையாவிடில், தேடுவோர் எத்திசையில் தேட வேண்டும் என்பதை அவ்வேடே காட்டும். பெருமைக்காக எழுதப்படுவது போலத் தோன்றும் அவ்வரிகள் உயிர்காக்கும் சான்றாகப் பன்முறை அமைந்துள்ளன.

குளிர்காலத்தில் மடத்துக் காவலர் கீழே இறங்கிவிடுவார். அப்போதும் ஓர் அறை திறந்தே விடப்படும். அதில் அடுப்பும் விறகும் போர்வையும் காசுப் பெட்டியும் இருக்கும். தங்கியவர் உரிய தொகையைத் தாமே பெட்டியில் இட்டுச் செல்வர். காண்பார் எவரும் இல்லாத இடத்தில் இடும் காசு அது. ஒருவரது நேர்மையை அளக்க இதனினும் சிறந்த கருவி வேறில்லை எனலாம். ஸ்கொத்லாந்தில் 1965இல் தொடங்கிய மலைக்குடிற் சங்கம் இதனினும் ஒருபடி மேற்சென்றது. ஆளற்றுக் கைவிடப்பட்ட இடையர் குடிசைகளை, நிலவுடைமையாளரின் இசைவோடு தொண்டர்கள் பழுதுபார்த்து, பூட்டும் கட்டணமும் இன்றி வழிப்போக்கர்க்கு விட்டுவைக்கின்றனர். ஏறக்குறைய 100 குடில்கள் இவ்வாறு காக்கப்படுகின்றன. சங்கம் அவற்றுள் மிகப் பலவற்றுக்கு உரிமையுடையதன்று. உரிமையின்றியும் பொறுப்பேற்கலாம் என்பதற்கு அது சான்று.

பூட்டிய கதவு

நிற்க, மேலே கூறியவாற்றால் மலைக்கழகங்கள் குற்றமற்றன என எண்ணுதல் பொருந்தாது. பொது என்னும் சொல்லுக்கு எல்லையிட்டவர்களும் அவர்களே. இலண்டன் கழகம் 1974ஆம் ஆண்டு வரை பெண்களை உறுப்பினராக ஏற்கவில்லை. சுவிற்சர்லாந்துக் கழகம் 1907இல் பெண்களுக்குக் கதவை அடைத்தது. அவர்கள் 1918இல் தமக்கெனத் தனிக்கழகம் அமைத்தனர். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின் பின்னரே இரு கழகங்களும் ஒன்றாயின. இதனினும் கொடியது ஜேர்மானிய ஒஸ்திரியக் கழகத்தில் நிகழ்ந்தது. அதன் கிளையொன்று 1921இல் யூதரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என விதி செய்தது. விலக்கப்பட்டோர் டொனாவுலாந்து என்னும் தனிக்கிளை அமைத்தனர். தலைமைக் கழகம் 1924இல் அக்கிளையையும் வெளியேற்றியது. யூதர் விரும்பப்படார் என்னும் அறிவிப்பு மலைமடங்களின் வாயில்களில் தொங்கியது. பனிப்புயலில் வருபவனைக் காக்கக் கட்டிய கதவே அவன் குலத்தைக் கேட்கத் தொடங்கிற்று. அடுத்த பதினைந்தாண்டுகளில் ஐரோப்பாவில் நேர்ந்த பேரழிவுக்கு அம்மடத்து வாயில் ஒரு முன்னறிகுறி எனல் மிகையன்று.

பிறர் குற்றத்தைக் கூறுமிடத்துத் தம் குற்றத்தையும் நோக்குதல் அறிவுடையார் கடன். தமிழர் வாழ் இடங்களிலே தெருத்தோறும் மடங்களும் சுமைதாங்கிகளும் தண்ணீர்ப் பந்தர்களும் இருந்தன. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரையிட்ட தெருமூடிமடம் இன்றும் உளது. ஆயின் அத்தகைய அறநிலையங்களின் திண்ணையும் கிணறும் கோயில் வாயிலும் எல்லார்க்கும் ஒருபடித்தாகத் திறந்திருக்கவில்லை. சாதி காரணமாகப் பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957இல் இலங்கையிற் சட்டம் இயற்ற வேண்டியிருந்தமையே அதற்குப் போதிய சான்று. கட்டடம் இருப்பதனால் மட்டும் அது பொதுமடம் ஆகிவிடாது. வருபவனைப் பார்த்து நீ யார் என்று கேளாது, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போதே அது பொதுமடம் ஆகின்றது. அயல்மதப் பயணிக்கு முப்பத்திரண்டு துணைவரைத் தந்த ஆரியச் சக்கரவர்த்தி இவ்வுண்மையை அறிந்திருந்தான்.

அடைத்த கதவுகள் திறந்தமையால் விளைந்த நன்மையும் கண்கூடு. 1969இல் சப்பானிய மகளிர் தமக்கென ஒரு மலையேறுவோர் கழகம் அமைத்தனர். அதனைத் தோற்றுவித்த யுங்கோ தாபேய் 1975 மே 16ஆம் நாள் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிய முதற்பெண்மணி ஆனார். 2016 மே 21ஆம் நாள் அச்சிகரத்தில் ஏறிய முதல் இலங்கையர் என்னும் பெருமையைப் பெற்ற ஜெயந்தி குரு உதும்பாலவும் ஒரு பெண்மணியே. அவர் பயின்றது 1954இல் டார்ஜிலிங்கில் நிறுவப்பெற்ற இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் ஆகும்.

மடம் காவாத இடம்

மடம் ஒன்று இருந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் பிழை. பாடசாலைகளோடு தொடர்புடையார் அனைவரும் அறியவேண்டிய நிகழ்ச்சியொன்று உண்டு. 1971 நவம்பரில் எடின்பரோ நகரத்துப் பாடசாலை ஒன்றின் மாணவர் குழு, ஸ்கொத்லாந்தின் கெயான்கோம் மலைமேட்டில் உள்ள சிறு புகலிடம் ஒன்றை இராத்தங்கும் இடமாகக் குறித்துப் புறப்பட்டது. பனிப்புயல் சூழ்ந்தது. கண்ணுக்கு எட்டிய திசையெல்லாம் வெண்மையாயிற்று. புகலிடம் பனியில் மறைந்து கிடந்தது. அதனை அவர்களால் அடைய முடியவில்லை. திறந்த வெளியில் இரண்டு இரவுகள் கிடந்த அக்குழுவில் ஐந்து மாணவரும், துணைக்குச் சென்ற பதினெட்டு வயதுப் பயிற்சியாளர் ஒருவரும் உயிரிழந்தனர்.

அந்நிகழ்ச்சியின் பின் அந்நாட்டில் பெரியதொரு வாதம் எழுந்தது. உயரத்திலுள்ள புகலிடங்கள் உயிரைக் காக்கின்றனவா, அன்றி அனுபவமில்லாதோரை மேலே ஈர்த்து உயிரைப் போக்குகின்றனவா என்பதே வினா. மீட்புப் பணியாளரிடையேயும் கருத்து வேறுபாடு இருந்தது. இறுதியில் அம்மேட்டிலிருந்த புகலிடங்கள் 1975ஆம் ஆண்டளவில் அகற்றப்பட்டன. இளைஞரை மலைக்கு அழைத்துச் செல்வோர்க்குரிய தகுதியும் பயிற்சியும் முன்னினும் கண்டிப்பாக வற்புறுத்தப்பட்டன. அங்குக் கற்ற பாடம் இதுவாகும்: வழியறிதல், வானிலை அறிதல், குழுவில் மிகத் தளர்ந்தவரின் ஆற்றலுக்கேற்ப நடத்தல், வேண்டும்போது திரும்பிவிடும் துணிவு ஆகியன முதலில் வேண்டும், மடம் அதன்பின்னரே. சிகரத்தை அடையாது மாணவரைப் பாதுகாப்பாகத் திருப்பி அழைத்து வரும் ஆசிரியர் தோல்வியுற்றவர் அல்லர். கோடுகளைத் தனியே விடாத நடேகுராவின் மரபு, நகைப்புக்குரிய பழம்பழக்கம் போலத் தோன்றினும், பல தலைமுறை அனுபவத்தில் விளைந்த பாதுகாப்பு விதியே ஆகும்.

மாணவர்க்கு உரியது

இலங்கையின் மலைகளில் ஐரோப்பியப் பனி இல்லை. ஆயினும் ஆபத்து இல்லாமல் இல்லை. திடீரெனப் படரும் மூடுபனி, வழுக்கும் பாறை, கணத்தில் பெருகும் ஓடை, அட்டை, இரவுக் குளிர் என்பன இங்கும் உள. கொழும்பின் வெக்கையில் வாழ்வோர் கம்பளியின்றிச் சிவனொளிபாத உச்சியில் நின்று நடுங்குவது ஒவ்வோராண்டும் காணும் காட்சி. அம்மலைக்காடும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் 2010ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டன. உலகத்தார் மதிக்கும் அவ்வழிகளில் யாத்திரைப் பருவம் முடிகையில் கிடப்பன பிளாத்திக்குப் போத்தல்களும் பைகளும் உணவு உறைகளுமே. தொண்டர் குழுக்கள் அவற்றைப் பொறுக்கிக் கீழே கொணர்கின்றன. முன்னோன் பின்வருவானுக்குப் புல்லை முடிந்து வைத்தான். இன்று பின்வருவானுக்கு எஞ்சுவது குப்பை.

இக்குறையைப் போக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கல்லூரி ஒன்றில் மலைநடைக் கழகம் அமையுமாயின் அதற்கு முதலில் வேண்டுவது மலைமேற் கட்டடம் அன்று, ஒரு பதிவேடு. செல்வோர் யாவர், எவ்வழி, எப்போது மீள்வர் என்பது எழுதப்பட்டு, மீளாவிடில் யார் யாருக்கு அறிவிப்பது என்பதும் முன்கூட்டியே வகுக்கப்படல் வேண்டும். அடுத்து, ஏறிப் பழகிய தலைவர் ஒருவர். அவர் சொல்லுக்கு அடங்கும் குழு. மூன்றாவது, கொண்டுசென்றதைத் திருப்பிக் கொணரும் பை. நான்காவது, உடன்வர விரும்புவோரிடம் குலமும் மதமும் மொழியும் ஆண்பெண் வேற்றுமையும் கேளாத மனம். பழைய அம்பலம் ஒன்றை ஆண்டுக்கொருமுறை கூட்டிப் பழுதுபார்க்கும் பணியை உரியவரின் இசைவோடு கழகம் ஏற்குமாயின், அது விசயபாகுவின் அறத்துக்கும் சுவிற்சர்லாந்துக் கழகத்தின் முறைக்கும் ஒருங்கே வாரிசாகும்.

அடுக்குமாடி வீடுகளில், சுவரொன்றே இடையாக வாழ்ந்தும் அயலாரின் பெயரை அறியாதிருக்கும் நகரத்து இளைஞனுக்கு மலைமடம் கற்பிப்பது மலையேற்றத்தை மட்டுமன்று. அறியாதவன் பக்கத்தில் அச்சமின்றித் துயிலவும், காண்பார் இல்லாத இடத்தில் கடன் தீர்க்கவும், நன்றி கூற வாராத ஒருவனுக்காக விறகு வெட்டி வைக்கவும் அது கற்பிக்கின்றது. வகுப்பறையில் குடிமையியல் நூலைக் கொண்டு கற்பிக்க அரிதாகிய இப்பாடத்தை, பெருங்கௌசிகனாரின் கூத்தன் வழிச்சந்தியில் நின்று ஒரு பிடி புல்லைக் கொண்டு கற்பித்தான்.